ஒரு வாய்க்கு ஒன்பது டாக்டரா?
சேர்வராயன் மலைக்கு வேண்டியது பொதுப் பல் வைத்தியர்!

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். ஏழைக்குப் பல்லுப் போவதற்கு முன்னாலேயே கூலி போய்விடுகிறது.

சேர்வராயன் மலையில் வெள்ளக்கடையிலோ, செம்மநத்தத்திலோ, மாரமங்கலத்திலோ ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளிக்குக் கடைவாய்ப் பல் வலி என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிராம்பு. பிறகு ஒரு துணுக்குப் புகையிலை. அதற்கும் கேட்காவிட்டால் பெட்டிக்கடை மாத்திரை. கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் வைத்தியத்தைப் பற்றிய யோசனையே வருகிறது. ஏற்காட்டில் ஆகாது என்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிக்கிற காலம். அந்த நாட்களில் ஒரு நாள் மலை இறங்கினால் ஒரு நாள் கூலி போயிற்று என்று அர்த்தம். மறுபடி வா என்றால் இரண்டு நாள் கூலி. ஆகவே தொழிலாளி என்ன செய்கிறான்? வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிட்டு வந்துவிடுகிறான். காப்பாற்றியிருக்கக் கூடிய பல் குப்பைக்குப் போகிறது. நாற்பது வயதில் பொக்கை வாய்!

இது தலைவிதி அல்ல. நம் நாட்டில் பல் டாக்டர்களை உருவாக்குகிற முறையில் உள்ள ஒரு பெரிய ஓட்டையின் விளைவு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். "பல் டாக்டர் படிப்பைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நமது வாயில் யார் கை வைக்கிறார், அவர் என்ன பழகியிருக்கிறார் என்பது நமது கவலை இல்லாமல் வேறு யாருடைய கவலை?

பஞ்சமா? இல்லை!

பல் டாக்டர்களுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தியாவில் முன்னூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 25,000-க்கு மேற்பட்ட இடங்கள். நமது ராஜ்யத்தில் சர்க்கார் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய சென்னைக் கல்லூரி, 1980-இல் தொடங்கிப் பின்னர் சர்க்கார் கைக்கு வந்த சிதம்பரம் கல்லூரி, 2023-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டைக் கல்லூரி. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை தனியார் கடைகள். லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படித்தவர் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கக்கூடிய ஊரில்தானே பலகை மாட்டுவார்? பட்டணத்துக் கடைவீதியில் தெருவுக்கு இரண்டு பல் ஆஸ்பத்திரி. மலைக் கிராமத்தில் சூனியம். சந்தையின் கையில் வைத்தியத்தை விட்டால் இதுதான் நடக்கும்.

பல் டாக்டர் பட்டம் ஐந்து வருஷம்: நான்கு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அந்த ஒரு வருஷத்தில் ஒவ்வொரு பிரிவிலும் சில வாரம் இருந்துவிட்டு வெளியே வருகிறார் ஓர் இளம் டாக்டர். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்திருப்பார். தனியாக ஓர் ஊரில் உட்கார்ந்து, வருகிற நோயாளிகள் அத்தனை பேரையும் தைரியமாகக் கையாள அது போதுமா? போதாது என்பதை அந்த இளைஞர்களே ஒப்புக்கொள்வார்கள். அது அவர்கள் குற்றமல்ல.

மேலே படிக்கலாமே என்றால், அங்கே நிற்கிறது அடுத்த சுவர். பட்ட மேற்படிப்பு மூன்று வருஷம். அதில் ஒன்பது கிளைகள்: பல் கட்டுவது ஒன்று, ஈறு ஒன்று, வாய், தாடை அறுவை ஒன்று, சொத்தை அடைப்பதும் வேர் சிகிச்சையும் ஒன்று, கோணல் பல்லை நேராக்குவது ஒன்று, குழந்தைப் பல் ஒன்று, திசு ஆய்வு ஒன்று, வாய் நோய் கண்டறிதலும் எக்ஸ்ரேயும் ஒன்று, சமுதாயப் பல் நலம் ஒன்று. இந்த ஒன்பதில் 'பொதுப் பல் வைத்தியம்' என்று ஒரு கிளை கிடையாது! அதாவது, சாதாரண மனிதனின் முழு வாயையும் பார்க்கத் தெரிந்த டாக்டராவதற்கு மேற்படிப்பே இல்லை. ஒன்பதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எட்டை விட்டுவிட வேண்டும். அதற்கும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் இடம். தனியார் கல்லூரியில் அந்த இடத்தின் விலை பல லட்சம்.

நிபுணர்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாடை உடைந்தவனுக்கு அறுவை நிபுணர் வேண்டும். புற்று வந்தவனுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். ஆனால் ஒன்பது நிபுணர்கள் மலை ஏறி வரப்போவதில்லை. தொழிலாளிக்கு இருப்பது ஒரு வாய். கிடைப்பது ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் ஒரே நாற்காலியில் அவனுடைய வேலை முடிய வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் நன்றாகப் பழகிய பொதுப் பல் வைத்தியர் ஒருவரே.

என்ன பழக வேண்டும்?

பல் பிடுங்குவது பெரிய வித்தையா என்று நினைக்கலாம். சர்க்கரை வியாதி முற்றிய விவசாயத் தொழிலாளிக்குப் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் போகலாம். இருதய வியாதிக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவருக்குப் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போகலாம். கர்ப்பிணிக்கு எந்த மருந்து, எந்த மாதத்தில்? வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு எப்படி? கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைத்து ஆளையே கொன்றுவிடும். அதை முதல் நாளே கண்டுபிடித்துச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் கைக்கு வருவது, மூத்தவர் பக்கத்தில் நிற்க, நூறு நோயாளிகளைப் பார்த்த பிறகுதான். ஆலையில் பழகாத கையை மிஷினில் தனியே நிறுத்துவார்களா?

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் தனிக் கஷ்டங்களும் உண்டு. பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதிலிருந்து அதைக் குடித்தவர்களின் பல் பழுப்பேறிக் குழி விழுகிறது; மிகுந்து போனால் எலும்பையும் தாக்குகிறது. இதற்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது.

எல்லாவற்றையும் விடக் கொடியது வாய்ப் புற்று. ஆலைக்குள் பீடி பற்றவைக்க முடியாது, பஞ்சு தீப்பிடிக்கும். ஆகவே இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. வயலிலும் தோட்டத்திலும் பசியை மறக்க வெற்றிலை புகையிலை. 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 3,78,000 பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்று வந்தது என்றும், அதில் சுமார் 1,36,000 பேர் இந்தியர்கள் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டது. மூன்றில் ஒருவருக்கு மேல்! ஆனால் ஆரம்பத்தில் இது வெறும் வெள்ளைத் திட்டு, ஆறாத புண். வலி இருக்காது. பார்க்கத் தெரிந்த கண் பார்த்தால் உயிர் பிழைக்கும். கேரளத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996 முதல் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது 2005-இல் வெளியான முடிவு. ஊழியர் சந்தேகப்பட்டு அனுப்பினால், அந்தப் புண்ணைப் பார்த்து முடிவு சொல்ல அருகில் ஒரு டாக்டர் வேண்டாமா?

மற்ற தேசங்களில்

உலகத்தில் இது புதிய விஷயமல்ல. பட்டம் பெற்ற பல் டாக்டர் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சம்பளம் வாங்கிக்கொண்டு, மூத்த டாக்டரின் கண்பார்வையில் எல்லா வகை நோயாளிகளையும் பார்த்துப் பழகுவதை ஆங்கிலத்தில் ரெசிடென்ஸி என்கிறார்கள். அமெரிக்காவில் பொதுப் பல் வைத்தியத்துக்கு என்றே இந்தப் பயிற்சி உண்டு. ஆஸ்பத்திரிகளில் வேறு நோய்களோடு படுத்திருப்பவர்களுக்கும் பல் பார்க்கப் பழகுகிறார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் 2007 முதல், குறைந்தது ஒரு வருஷம் ரெசிடென்ஸி முடிக்காமல் லைசென்ஸ் கிடையாது. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவையில் வேலை செய்ய விரும்பும் புதிய பட்டதாரிகள் ஒரு வருஷம் சம்பளத்துடன், மேற்பார்வையாளரின் கீழ் வேலை பழக வேண்டும். சோஷலிஸ்ட் கியூபாவில் பொதுப் பல் வைத்தியமே ஒரு தனித் துறை. முழு வாயையும் முழுக் குடும்பத்தையும் பார்க்கிற டாக்டருக்கு அங்கே ரெசிடென்ஸியும் உண்டு, மரியாதையும் உண்டு. நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை.

அமெரிக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே பயிற்சி நல்ல பயிற்சிதான். ஆனால் முதியோருக்கான சர்க்கார் மருத்துவ இன்ஷூரன்ஸ், வழக்கமான பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை. டாக்டர் இருந்தும் ஏழை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பயிற்சி மட்டும் போதாது, அந்த டாக்டர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக வேலை செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து நமக்குப் பாடம்.

நம் நாட்டிலும் உடம்பைப் பார்க்கும் டாக்டர்களுக்குக் 'குடும்ப மருத்துவம்' என்ற மேற்படிப்பு வந்துவிட்டது. முழு மனிதனைப் பார்க்க மேற்படிப்பு உண்டு, முழு வாயைப் பார்க்க இல்லை! சில பெரிய ஆஸ்பத்திரிகளில் ஜூனியர் ரெசிடென்ட் என்ற பெயரில் பல் டாக்டர்களை ஆறு மாதம், ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடத்திட்டம் இல்லை, முடிவில் பட்டமும் இல்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போ என்பதுதான்.

பயிற்சியா, சுரண்டலா?

இங்கே ஆலைத் தொழிலாளி உஷாராகி விடுவான். 'பயிற்சி' என்ற வார்த்தையை அவன் நன்றாக அறிவான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, ஏழைப் பெண்களை மூன்று வருஷம் பயிற்சியாளர்கள் என்று ஹாஸ்டலில் அடைத்து, முழு வேலை வாங்கிக்கொண்டு அரைக் கூலி கொடுத்த கதை நாடறிந்தது. டாக்டர்களுக்கும் அதே தந்திரத்தைச் செய்யமாட்டார்களா?

செய்வார்கள். நிரந்தர வேலை கொடுக்காமல், ரெசிடென்ட் என்று பெயர் சூட்டி, வருஷா வருஷம் ஆளை மாற்றிக் காலத்தை ஓட்டுவது சர்க்காருக்கு மிகவும் சௌகரியம். ஆகவே பயிற்சி வேண்டும் என்று கேட்கும்போதே நிபந்தனைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சம்பளம் முழுச் சம்பளமாக இருக்க வேண்டும். அந்த வருஷங்கள் சர்வீஸில் சேர வேண்டும். முடித்தவருக்கு நிரந்தர உத்தியோகத்தில் முன்னுரிமை வேண்டும். நியூயார்க்கைப் போல லைசென்ஸுக்குக் கட்டாயமாக்க நாம் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் கடன் வாங்கிப் படித்த பிள்ளையின் தலையில் இன்னொரு சுமை ஏறும்.

யார் அந்தப் பிள்ளைகள்? 2020-இல் நமது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்தது. விவசாயத் தொழிலாளியின் மகளும் ஆலைத் தொழிலாளியின் மகனும் பல் மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைத்தார்கள். பட்டம் வாங்கிய பிறகு அவர்கள் எங்கே போவது? நாற்காலியும் எக்ஸ்ரேயும் வாங்கச் சொந்தப் பணமில்லை. மேற்படிப்புக்கு லட்சங்கள் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாம் கேட்கும் பயிற்சி மலைவாசிக்கு டாக்டரைத் தருகிறது. ஏழைப் பிள்ளைக்கு வேலையையும் திறமையையும் தருகிறது. இரு தரப்பின் நலனும் ஒன்றுதான்.

இன்னொரு ஆட்சேபணையும் உண்டு: "ஏழையின் வாய்தானா இவர்கள் பழகுவதற்கு?" நியாயமான கோபம். பழக வருகிறவரைத் தனியே விட்டுவிட்டுப் போனால் அது அக்கிரமம். மூத்த டாக்டர் கூடவே நிற்க வேண்டும். நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மலைக்கு அனுப்புவது பயிற்சியின் பிற்பகுதியில்தான், அதுவும் மூத்தவரோடு என்று விதி வேண்டும்.

மலை கொடுத்ததும் மலைக்குக் கிடைத்ததும்

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். மலையாளிப் பழங்குடியினரின் மலை, துரைமார்களின் எஸ்டேட்டாயிற்று. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இங்கிருந்து பாக்சைட் வெட்டிக்கொண்டு போனார்கள். 2008-இல்தான் அது நின்றது. இந்த மலை கொடுத்ததற்குக் கணக்கில்லை. மலைக்குக் கிடைத்தது என்ன?

1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வைத்திய வசதி செய்வது முதலாளியின் கடமை என்றது. போராடிப் பெற்ற சட்டம். ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களுக்கு அது எட்டவில்லை. இப்போது அந்தச் சட்டத்தையும் 2020-ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆலைத் தொழிலாளியின் நிலை வேறு: ஈ.எஸ்.ஐ.யில் அவன் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் போகிறது. அந்த ஈ.எஸ்.ஐ. ஸ்தாபனம் டில்லி ரோகிணியிலும் கர்நாடகத்துக் கலபுரகியிலும் பல் மருத்துவக் கல்லூரிகளையே நடத்துகிறது. கல்லூரி நடத்தத் தெரிந்தவர்களுக்கு, கோவை, சேலம் தொழிலாளிக்காகப் பத்து ரெசிடென்ட்களைப் பழக்கத் தெரியாதா?

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. பொதுப் பல் வைத்தியத்தைப் பட்ட மேற்படிப்பின் தனிக் கிளையாக மத்திய சர்க்கார் அங்கீகரிக்க வேண்டும். பல் மருத்துவத்துக்குப் புதிய ஆணையம் அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வெளியேறு தேர்வு நடத்த வழிசெய்த அந்தச் சட்டத்தின் கீழ் இதற்கும் வழிசெய்யட்டும்.

2. அதற்குக் காத்திராமல், மாநில சர்க்கார் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத் தலைமையிடமாக வைத்து, இரண்டு வருஷ ரெசிடென்ஸியைத் தொடங்க வேண்டும். இரண்டாவது வருஷத்தில் ஏற்காடு ஆஸ்பத்திரியிலும், மலைக் கிராம ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிகளிலும் முறைவைத்து மூத்த டாக்டருடன் வேலை செய்ய வேண்டும்.

3. முழுச் சம்பளம், தங்குமிடம், பிரசவ லீவு, சர்வீஸ் கணக்கு. பயிற்சிக் கட்டணம் ஒரு காசும் கூடாது. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கும் பழங்குடி மாணவர்களுக்கும் ஒதுக்கீடு வேண்டும்.

4. பயிற்சி முடித்தவர்களுக்குக் காண்ட்ராக்ட் அல்ல, நிரந்தர உத்தியோகம். நாற்காலி, எக்ஸ்ரே, மருந்து, பல் கட்டித் தரும் பட்டறை ஆகியவை இல்லாமல் டாக்டரை மட்டும் அனுப்பி ஏமாற்றக் கூடாது.

5. பழம் பறிக்கிற காலம் தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு ஊரிலும் வாய்ப் பரிசோதனை. புற்று என்று சந்தேகப்பட்டால் சேலம் போய் வரும் நாட்களுக்குக் கூலி இழப்பீடு.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு மணி நேர வேலையும், ஈ.எஸ்.ஐ.யும், தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஒரு காலத்தில் ஆகாத காரியங்களாகத்தான் இருந்தன. அவற்றை யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை.

தோழர்களே! மே தினத்தன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. வெள்ளக்கடையில், நாகலூரில், வாழவந்தியில், மஞ்சக்குட்டையில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். ஆலைச் சங்கங்கள் ஈ.எஸ்.ஐ. கமிட்டிகளில் இதை எழுப்பட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கம் தாலுகா மகாநாடுகளில் பேசட்டும். படித்து முடித்து வேலையில்லாமல் நிற்கும் பல் டாக்டர்களையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் உழைப்பை விற்று வாழ வேண்டியவர்கள்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது போதும். வாயைத் திறந்து கேட்போம்!